தசைக்கு மேலா, கீழா? மார்பக இம்பிளான்டை இடம் மாற்ற நினைக்கிறவர்களுக்கு

மார்பக இம்பிளான்ட், அதாவது மார்பகத்துக்குள் வைக்கிற சிலிகான் அல்லது உப்புநீர்ப் பை, வைத்து ஒரு வருஷமோ பத்து வருஷமோ ஆகிவிட்டது, ஏதோ சரியில்லை, யாரோ "உனக்குத் தசைக்கு மேலே வைத்துவிட்டார்கள், கீழே மாற்றினால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டார்கள், இல்லையென்றால் அதற்கு நேர் எதிராகச் சொல்லிவிட்டார்கள். இந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதனால் உங்களுக்கு எது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரின் ரூம்ஸுக்கு, அதாவது அவர் நோயாளிகளைப் பார்க்கிற இடத்துக்கு, போகும் முன்னால் எதை யோசிக்க வேண்டும், எந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் பெண்கள் இந்த விஷயத்தைக் கூடப்பிறந்த அக்காவிடம்கூடப் பேசுவதில்லை, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் தேடிப் பார்த்துவிட்டு அங்கேயே முடிவும் எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் ஒன்று. டாக்டரிடம் போகும்போது "கீழே மாற்றுங்கள்", "மேலே மாற்றுங்கள்" என்று தீர்ப்போடு போகாதீர்கள், தொந்தரவு என்னவோ அதைச் சொல்லுங்கள். எங்கே வைப்பது என்பது அந்தத் தொந்தரவிலிருந்து தானாக வரவேண்டிய முடிவு. இடம் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இடம் காரணமே இல்லை, இம்பிளான்ட் அளவு பெரிதாக இருக்கும், அல்லது தோல் தளர்ந்திருக்கும்.

எது எங்கே இருக்கிறது?

மார்பில் விசிறி மாதிரி விரிந்த ஒரு பெரிய தசை இருக்கிறது, பெக்டோராலிஸ் மேஜர் என்பார்கள். அதன் முன்னால், அதாவது தோல் பக்கமாக, பால் சுரப்பித் திசுவுக்கு அடியில் இம்பிளான்ட் இருந்தால் "தசைக்கு மேலே". தசைக்குப் பின்னால் விலா எலும்புப் பக்கம் இருந்தால் "தசைக்குக் கீழே". ஆனால் இன்றைக்குக் கீழே வைத்தோம் என்று சொல்கிற பல ஆபரேஷன்களில் மேல் பாதி மட்டும்தான் தசைக்கு அடியில் இருக்கும், கீழ்ப் பாதி சுரப்பிக்கு அடியிலேயே இருக்கும். டூயல் பிளேன் என்பது இதுதான். தசையின் மேலுறைக்கு அடியில் வைக்கிற ஒரு முறையும் உண்டு.

மேலே வைத்தால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம், கையை அசைத்தால் மார்பகம் சேர்ந்து அசையாது. ஆனால் ஒல்லியான உடம்பாக இருந்தால் ஓரம் தெரியும், சுருக்கம் தெரியும், இம்பிளான்டைச் சுற்றி இறுகிப்போகும் வாய்ப்பும் கூடுதல் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள், மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) திசுவை அதிகம் மறைக்கும். கீழே வைத்தால் மேல் பக்கம் இயற்கையாகச் சரிந்து தெரியும், மேமோகிராம் எடுப்பது கொஞ்சம் சுலபம். அதற்கு விலையாக வலி கூடும், தசை சுருங்கும்போது இம்பிளான்டும் அசையும், காலப்போக்கில் அக்குள் பக்கமாக நகரவும் செய்யும். ஆகவே இடம் மாற்றுவது என்றால் ஒரு வகைத் தொந்தரவைக் கொடுத்துவிட்டு இன்னொரு வகையை வாங்கிக்கொள்வது. எதை வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதம் என்பதுதான் கேள்வி.

கண்ணாடி முன்னால் செய்து பார்க்க வேண்டியது

மேல் உடை இல்லாமல் நின்று, வணக்கம் சொல்வது போலக் கைகூப்பி, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று நன்றாக அழுத்துங்கள். டாக்டரும் இதைத்தான் செய்யச் சொல்வார். தசைக்குக் கீழே இம்பிளான்ட் வைத்திருந்தால் கொஞ்சம் அசைவு இருக்கத்தான் செய்யும், அது குறை இல்லை. மார்பகம் மேலேயோ பக்கவாட்டிலோ துள்ளி, தோல் உள்ளே இழுபட்டு, ரொட்டி தேய்க்கும்போதும் தேங்காய் துருவும்போதும் அது சட்டைக்கு வெளியே தெரிகிற அளவு இருந்தால், அது தொந்தரவு. வலியும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் முன்னால் குனிந்து பாருங்கள், சுருக்கங்கள் அப்போதுதான் நன்றாகத் தெரியும். நேராக, இரண்டு பக்கவாட்டில், கை தூக்கி, குனிந்து என்று போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மாதம் ஒரு முறை இப்படி எடுத்தால் மாற்றம் நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும்.

எந்தத் தொந்தரவுக்கு எது?

தசையோடு சேர்ந்து அசைவதுதான் பிரச்சினை என்றால், இம்பிளான்டை எடுத்துத் தசையை மறுபடி மார்புச் சுவரோடு தைத்துவிட்டு மேலே புதிதாக இடம் செய்வதுதான் நேரடி வழி. ஆனால் மூடுவதற்குத் தோலும் கொழுப்பும் போதுமா என்று பார்க்க வேண்டும். மார்பகத்தின் மேல் பகுதியை விரலால் கிள்ளி அளப்பார்கள், 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மேலே வைக்கப் பல சர்ஜன்கள் தயங்குவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பின் வேறு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்து ஊசியால் நிரப்புவது, அல்லது பதப்படுத்திய தோல் விரிப்பு ஒன்றை வைத்து மூடுவது என்று வழிகள் உண்டு. அந்த விரிப்பு பன்றி, மாடு, மனிதத் தோல் என்று எதிலிருந்தும் வரலாம். மாட்டிறைச்சி தொடாத வீடுகளில் இது பெரிய விஷயம், தியேட்டரில் படுத்த பிறகு கேட்கிற கேள்வி இல்லை. முன்னாலேயே கேட்டுவிடுங்கள், மாற்று வழி இருக்கும்.

ஓரம் தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது, இம்பிளான்டோ மேலே இருக்கிறது என்றால் கீழே மாற்றுவதில் அர்த்தம் உண்டு. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்தத் தசை மேல்பக்கத்தையும் உட்பக்கத்தையும்தான் மூடும், கீழ் வெளி ஓரத்தில் தசையே கிடையாது. அங்கே தெரிகிற சுருக்கம் கீழே மாற்றினாலும் இருக்கும். இதைச் சொல்லாமல் ஆபரேஷன் செய்தால் பிறகு மனக்கசப்புதான் மிஞ்சும்.

இறுகிப்போயிருந்தால் கதை கொஞ்சம் நீளம். எந்த இம்பிளான்ட் வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி வடுத் திசுவால் ஓர் உறை கட்டும், அது எல்லோருக்கும் நடப்பது. சிலருக்கு அந்த உறை சுருங்கி இறுக ஆரம்பிக்கும். பேக்கர் அளவு என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள்: முதல் படியில் மார்பகம் மெத்தென்று இருக்கும், இரண்டாவதில் தொட்டால் கொஞ்சம் கெட்டி, மூன்றாவதில் பார்த்தாலே வடிவம் மாறியிருக்கும், நான்காவதில் வலியும் சேரும். மூன்று, நான்கு என்றால்தான் பொதுவாக ஆபரேஷன் பேச்சு வரும். அப்போது உறையை எடுத்து, புது இம்பிளான்ட் போட்டு, முடிந்தால் இடத்தையும் மாற்றுவார்கள். இதற்குப் பிறகும் மறுபடி இறுகலாம், ஒரு தடவை இறுகியவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "இனி வரவே வராது" என்று யாராவது உறுதி கொடுத்தால் நான் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவேன்.

இம்பிளான்ட் வயிற்றுப் பக்கம் இறங்கிவிட்டது, அக்குள் பக்கம் ஓடிவிட்டது என்பவர்களுக்குப் பல சமயம் தசைக்கு மேல், கீழ் என்ற தளத்தை மாற்றவே வேண்டியதில்லை. இருக்கிற உறையை உள்ளிருந்து தைத்துச் சிறிதாக்கினால் போதும், கூடவே சின்ன இம்பிளான்ட் போட்டால் தையல் தாங்கும். இரண்டு மார்பகமும் நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டவர்களுக்கு மட்டும் புது இடம் தேவைப்படுவது வழக்கம், இது கஷ்டமான ஆபரேஷன், இதில் கைதேர்ந்தவரிடம்தான் போக வேண்டும். தோல் தொங்கிப்போயிருந்தால் தூக்கித் தைக்க வேண்டும், இடம் மாற்றித் தோல் தளர்ச்சி போகாது. உடம்பு அசதி, மூட்டு வலி, முடி உதிர்வு எல்லாம் இம்பிளான்டால்தான் என்று நினைக்கிறவர்கள் அதை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்த்திப் பயனில்லை, முதலில் தைராய்டு, ரத்தசோகை மாதிரி காரணங்களைப் பார்த்துவிட்டு, எடுத்துவிடுவதைப் பற்றிப் பேசுவதுதான் நியாயம். எடுத்துவிடுவதும் ஒன்றும் செய்யாமல் விடுவதும்கூட வழிகள்தான். அவற்றைச் சொல்லாத சர்ஜன் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

எவ்வளவு காத்திருப்பது?

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் இம்பிளான்ட் கழுத்துப் பக்கமாக ஏறி நிற்பது சகஜம், வீக்கம் வடிந்து தசை தளர்ந்த பிறகுதான் கீழே இறங்கி அமரும். வடிவம் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருஷம் பொறுங்கள். வடு இளகாத திசுவில் கத்தி வைத்தால் வேலை சுத்தமாக வராது. பால் கொடுத்து நிறுத்தியவர்களும் சில மாதம் விட வேண்டும். அடுத்த குழந்தை யோசனையில் இருந்தாலோ, எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலோ, அது முடியட்டும்.

காத்திருக்கக் கூடாத சில உண்டு. ஆபரேஷன் ஆன முதல் சில நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். காய்ச்சல், சிவப்பு, காயத்திலிருந்து நீர் வடிதல், தையல் பிரிந்து இம்பிளான்ட் தெரிவது, கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் எதுவானாலும் அன்றைக்கே போக வேண்டும். இன்னொன்று, எல்லாம் ஆறிப் பல வருஷம் கழித்து ஒரு மார்பகம் காரணமில்லாமல் வீங்கினால் அந்த நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான மேல்பரப்புள்ள இம்பிளான்ட்களைச் சுற்றி அபூர்வமாக லிம்போமா என்னும் புற்றுநோயில் ஒரு வகை வருகிறது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக ஏற்றது, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான பயோசெல் வகை இம்பிளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அந்த வகை உள்ளே இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் அதற்காக மட்டும் எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லவில்லை. ஆனால் வேறு காரணத்துக்காக இடம் மாற்றப் போகிறீர்கள் என்றால் பழையதையே திரும்ப வைக்கிறார்களா, புதிதா, புதிது வழவழப்பானதா என்று கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

பழைய காகிதங்கள்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் ஆபரேஷனின் குறிப்பு, இம்பிளான்ட் அட்டை, இரண்டும் வேண்டும். எந்தக் கம்பெனி, எத்தனை சிசி, வழவழப்பா சொரசொரப்பா, எந்தத் தளத்தில் வைத்தார்கள், எந்த வழியாக உள்ளே போனார்கள் என்று அதில் இருக்கும். அட்டை தொலைந்துவிட்டது என்றால் உடனே கைவிடாதீர்கள். இம்பிளான்ட் பெட்டியோடு வருகிற ஸ்டிக்கர்களை நாங்கள் தியேட்டரில் நோயாளியின் ஃபைலில் ஒட்டுவோம், ஆகவே டாக்டரின் ரூம்ஸில் கிடைக்காதது ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கிடைக்கலாம். இங்கே டாக்டர்களைப் பதிவு செய்கிற கவுன்சிலான எச்பிசிஎஸ்ஏயின் விதிப்படி நோயாளி கடைசியாக வந்துபோன பிறகு குறைந்தது 6 வருஷம் ஆவணத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டுப் பெறுவதற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டமும் இருக்கிறது. தேதியைப் பாருங்கள், ஆறு வருஷம் நெருங்குகிறது என்றால் ஆபரேஷன் செய்கிறீர்களோ இல்லையோ இந்த வாரமே கேட்டு எழுதுங்கள்.

ஸ்கேனும் ஒன்று வேண்டியிருக்கும். சிலிகான் உள்ளே கிழிந்திருந்தாலும் வெளியே எதுவும் தெரியாமல் போகலாம், அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோதான் தெரியும். நாற்பது தாண்டியவர்கள் மேமோகிராமையும் ஆபரேஷனுக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அப்புறம் வருகிற படங்களோடு ஒப்பிட உதவும்.

யாரிடம் போவது?

"எஸ்தெடிக்" என்று பலகை போட்டவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் இல்லை. எச்பிசிஎஸ்ஏயின் ஐ-ரெஜிஸ்டர் என்னும் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் சர்ஜரியில் ஸ்பெஷலிஸ்ட் என்று பதிவு இருக்க வேண்டும். அதைப் பார்க்கக் காசு கிடையாது. அடுத்தது, இரண்டாம் ஆபரேஷன்கள் எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள், முதல் ஆபரேஷன் அழகாகச் செய்கிறவர் எல்லோரும் மறு ஆபரேஷனில் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. போட்டோ காட்டச் சொன்னால் மறு ஆபரேஷன் போட்டோக்களாகக் காட்டச் சொல்லுங்கள். பழைய இடத்தை எப்படி மூடுவீர்கள் என்பது நான் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி. அதைச் சரியாக மூடாவிட்டால் இம்பிளான்ட் நழுவிப் பழைய இடத்துக்கே போய்விடும். திறந்து பார்க்கும்போது தசை மெலிந்து கிழிந்திருந்தால் என்ன செய்வீர்கள், உறையை முழுதாக எடுப்பீர்களா கொஞ்சம் விடுவீர்களா, சரிவராமல் மூன்றாவது தடவை போக வேண்டியிருந்தால் யார் எதற்குப் பணம் கட்டுவது, இதெல்லாம் கேட்கலாம். உறையை முழுதாக எடுத்தே தீர வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். தசைக்கு அடியில் அது விலா எலும்போடு ஒட்டியிருக்கும், சுரண்டப் போனால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு கிழியும் ஆபத்து உண்டு. லிம்போமா இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 6ஆம் பிரிவில் எந்தெந்த வழிகள் உண்டு, நன்மை என்ன, ஆபத்து என்ன, செலவு எவ்வளவு என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது, முடிந்தவரை அவருக்குப் புரிகிற மொழியில். தமிழ் பேசுகிற டாக்டர் கிடைப்பது அரிது, ஆங்கிலத்தில் தடுமாறுகிற அம்மாக்கள் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். வெட்கம் இருக்கும்தான். இரண்டு சர்ஜன்களையாவது பாருங்கள், இருவரும் வேறு வேறு சொன்னால் மூன்றாமவரையும்.

சென்னையில் குறைவாக முடியுமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். முடியலாம், நல்ல சர்ஜன்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மறு ஆபரேஷனில் முக்கியம் அதற்குப் பிந்தைய கவனிப்பு. நீர் கோத்தால், காயம் பிரிந்தால், செய்தவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார், இங்கே வேறொருவர் செய்ததைத் தொட டாக்டர்கள் தயங்குவார்கள்.

பணம்

அழகுக்காகச் செய்வதற்கு மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) பணம் தராது, அழகு ஆபரேஷனால் வந்த சிக்கலையும் பல திட்டங்கள் விலக்கி வைத்திருக்கின்றன. இறுகி வலிக்கிறது, கிழிந்துவிட்டது என்று மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டரிடம் கடிதமும் நோயைக் குறிக்கிற ஐசிடி-10 கோடும் வாங்கி முன் அனுமதி கேட்டுப் பாருங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். புற்றுநோய்க்குப் பிறகு மறுசீரமைப்பாக இம்பிளான்ட் வைத்தவர்கள் அழகு ஆபரேஷன் என்ற பட்டியலில் தங்களைச் சேர்க்க விடக் கூடாது, பிஎம்பி என்னும் கட்டாயச் சலுகையில் வருமா என்று கேளுங்கள், மறுத்தால் முதலில் திட்டத்திடமே முறையிட்டு, அப்புறம் அந்தத் திட்டங்களைக் கண்காணிக்கிற கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் புகார் எழுதலாம். கையிலிருந்து கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சர்ஜன் சொல்கிற தொகை முழுத் தொகை இல்லை. மயக்க மருந்து டாக்டர் தனியாகப் பில் போடுவார், தியேட்டர், இம்பிளான்ட், விரிப்பு, லேப், சர்ஜிக்கல் பிரா எல்லாம் தனித்தனி, 15 சதவீத வாட் சேர்த்ததா சேர்க்காததா என்பதும் ஒரு கேள்வி.

உடம்பைத் தயார் செய்வது

சிகரெட், வேப், ஹப்ளி (ஹூக்கா) மூன்றும் நான்கு வாரம் முன்னும் நான்கு வாரம் பின்னும் கிடையாது. ஹப்ளியில் தண்ணீர் இருப்பதால் பரவாயில்லை என்று இளம்பெண்கள் நினைக்கிறார்கள், நிகோட்டின் அதே நிகோட்டின்தான், ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆறவிடாது. சர்க்கரை நம் சமூகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, எச்பிஏ1சி என்னும் சில மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்துக் கட்டுக்குள் வந்த பிறகு தேதி வாங்குங்கள். மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எடை குறைக்கப் போடுகிற ஊசியை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய வடு தடித்து எழும்பியிருந்தால் அதையும் காட்டுங்கள்.

தேதிக்கு வருவோம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டும்வரை பல ரூம்ஸ் பூட்டியிருக்கும், போதாததற்கு டர்பன் வெயிலில் இரவும் பகலும் இறுக்கமான பிரா போட்டுக்கொண்டு இருப்பது தண்டனை. ஜூன், ஜூலை குளிர்தான் நல்ல காலம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் முன்னும் பின்னும் சில மாதம் விட்டு வையுங்கள், தைத்த தசையோடு காவடியைத் தோளில் வைத்துக் கையால் பிடித்து நடப்பது தையலைப் பிய்த்துவிடும். அடுத்த வருஷம் எடுத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். புரட்டாசி விரதத்தையும் பாருங்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும், பருப்பும் தயிரும் தாராளமாகச் சாப்பிட்டால் சமாளிக்கலாம், ஒரு வேளைச் சாப்பாடு என்றால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரும்பாலும் பழைய வடு வழியாகவே உள்ளே போவார்கள், முதல் தடவையைவிட நேரம் பிடிக்கும். நீர் வடியும் குழாயோடு வீட்டுக்கு அனுப்பலாம், அளவைக் குறித்து வைக்க ஒரு நோட்டு வையுங்கள். மல்லாந்துதான் தூக்கம். வலி மாத்திரை சாப்பிடுகிறவரை கார் ஓட்டக் கூடாது, சீட் பெல்ட் அழுத்துமே என்று அதைப் போடாமல் போகவும் கூடாது, சின்னத் தலையணை வைத்துப் போடுங்கள். முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்க வேண்டாம், பேரப்பிள்ளையும் இதில் சேர்த்தி, வீட்டு விசேஷத்துப் பிரியாணிப் பானையும் சேர்த்தி. தசையை மறுபடி தைத்தவர்களுக்கு மார்புக்கான உடற்பயிற்சி இரண்டு மூன்று மாதம் ஆகலாம், சர்ஜன் சொல்கிற கணக்குதான் கணக்கு. காம்பில் உணர்ச்சி குறையலாம், திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்குத் திரும்பாது.

புது அட்டையை வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் ஒன்று இருக்கட்டும். சிலிகான் என்றால் ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்பது எஃப்டிஏ சொல்கிற கணக்கு, புதிதாக வைத்தால் எண்ணிக்கை அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். மேமோகிராமுக்குப் போனால் இம்பிளான்ட் இருக்கிறது, இந்தத் தேதியில் மேலே மாற்றினார்கள் அல்லது கீழே மாற்றினார்கள் என்று படம் எடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், இம்பிளான்டை ஒதுக்கிப் பிடித்து எடுக்கிற கூடுதல் படங்கள் அவர் எடுக்க வேண்டியிருக்கும்.